காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம்: மாநில எல்லைக்கு வடக்கே இருப்பவர்கள் தங்கள் கருத்தை எங்கே பதிவு செய்வது?

ஆரம்பாக்கத்தார் | 2024 ஜனவரி 20, இரவு 9.10

சென்னைக்கு வடக்கே உள்ள காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்திற்கான பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் 2021 ஜனவரி 22 அன்று நடக்கும் என்று முதலில் அறிவித்தார்கள்; அது தள்ளிப்போயிற்று. பிறகு 2023 செப்டம்பர் 5 என்று நாள் குறித்தார்கள், அதுவும் தள்ளிப்போயிற்று. இரண்டு முறையும் அறிவிப்பு வந்த பிறகுதான் ஊர் ஊராகக் கூடிப் பேசினோம், அவசர அவசரமாக மனு எழுதினோம். மூன்றாவது முறை நாள் குறிப்பதற்கு முன்பே எழுத வேண்டியதை எழுதி, சரிபார்த்து, கையெழுத்தும் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்பதற்காகத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

புதிதாக வாசிப்பவர்களுக்காக அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். இப்போதுள்ள துறைமுகம் சுமார் 330 ஏக்கரில் இருக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2.46 கோடி டன் சரக்கைக் கையாளும் திறன் கொண்டது. முன்மொழியப்பட்ட திட்டம் 6,100 ஏக்கருக்கும் மேல். திறன் 32 கோடி டன். அந்த நிலத்தில் ஏறத்தாழ 762 ஹெக்டேர் அரசு நிலம், 781 ஹெக்டேர் தனியார் நிலம், 796 ஹெக்டேர் கடலைத் தூர்த்து உண்டாக்கப்படும் நிலம். கடைசியாகச் சொன்ன எண்ணை மீண்டும் ஒருமுறை பாருங்கள். இன்றைக்கு வலை வீசுகிற, படகு ஓடுகிற ஏறத்தாழ இரண்டாயிரம் ஏக்கர் கடல்பரப்பு அது.

மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு மக்கள் இதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள். எனக்குத் தனியாக ஒரு கவலை உண்டு. பழவேற்காடு ஏரியின் தென்முனை மட்டுமே தமிழ்நாட்டில் இருக்கிறது. பெரும்பகுதி ஆந்திரத்தில், தடா, சூலூர்பேட்டை வட்டாரங்களில் பரந்து கிடக்கிறது. திட்டம் அமையும் இடம் திருவள்ளூர் மாவட்டம் என்பதால் கருத்துக்கேட்பும் அங்கே மட்டும்தான். ஏரியின் முகத்துவாரத்திற்கு ஏதாவது ஆனால் முதலில் அடிபடுகிறவர்களில் பாதிப்பேர் அந்தக் கூட்டத்தின் கணக்கிலேயே வரமாட்டார்கள். இதற்கு என்ன செய்யலாம்?

---

தடா ரோட்டுக்காரன் | ஜனவரி 20, இரவு 10.42

ஐயா, இந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டதற்கு முதலில் நன்றி. நாங்கள் வீட்டில் தமிழும் வெளியில் தெலுங்கும் பேசி வளர்ந்தவர்கள். எங்கள் மண்டலம் 2022 ஏப்ரல் வரை நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது, இப்போது திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. காட்டுப்பள்ளி என்றால் எங்கள் ஆட்சியர் அலுவலகத்தில் "அது சென்னைப் பக்கத்து விவகாரம்" என்ற பதில்தான் கிடைக்கும். பொன்னேரியில் போய்ப் பேசினால், "நீங்கள் ஆந்திராக்காரர்கள், உங்களுக்கு இங்கே என்ன?" என்பார்கள். ஏரியில் வலை எல்லை குறித்து இரு மாநில மீனவர்களுக்கும் இடையே பல ஆண்டுகளாக மனக்கசப்பு இருப்பதால், இப்படி ஒரு பொதுப் பிரச்சினைக்குக்கூட நாங்கள் ஒரே பந்தலில் உட்கார்ந்ததில்லை.

ஏரியின் வடக்குப் பகுதி ஏற்கெனவே நலிந்து கிடக்கிறது. சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை ஏரியின் குறுக்கே போடப்பட்டது. ராக்கெட் ஏவுதளத்திற்கு அந்தச் சாலை வேண்டும் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு இருபுறமும் தண்ணீர் தாராளமாகப் போய்வர முடியாமல், வடபுறம் வண்டல் படிந்து மேடாகிவிட்டது. கோடையில் அந்தப் பக்கம் நடந்து போனால் வெடித்த உப்புத்தரைதான் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. எங்கள் பக்கம் ராயதொருவு முகத்துவாரமும் தூபிலிபாளையம் முகத்துவாரமும் தூர்ந்துபோகிற காரணத்தால், தெற்கே பழவேற்காட்டு முகத்துவாரம் வழியாக வருகிற கடல்நீரைத்தான் ஏரி முழுவதும் நம்பியிருக்கிறது. அந்த ஒரு வாயிலும் அடைபட்டால் எங்கள் பக்கம் மீன் என்று எதுவும் மிஞ்சாது.

---

மணற்கரை | ஜனவரி 21, காலை 7.05

கடலோரக் கட்டுமானத் துறையில் பல ஆண்டுகள் பணி செய்தவன் என்ற முறையில், முகத்துவாரத்திற்கும் துறைமுகத்திற்கும் உள்ள தொடர்பைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். மனுவில் இந்தப் பகுதிதான் வலுவாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

நம் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகர்த்திக்கொண்டே போகும். வடகிழக்குப் பருவத்தில் சில மாதங்கள் அது திரும்பி வடக்கிலிருந்து தெற்கே வரும். ஆண்டு முழுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் வடக்கே போவதே அதிகம். இந்த ஓட்டத்தின் குறுக்கே அலைத்தடுப்புச் சுவர் ஒன்றைக் கடலுக்குள் நீட்டினால், தென்புறம் மணல் தேங்கிக் கரை அகலமாகும்; மணல் வரவு நின்றுபோன வடபுறத்தில் கடல் கரையை அரித்துக்கொண்டே வரும். 1870-களில் சென்னைத் துறைமுகச் சுவர் கட்டத் தொடங்கிய பிறகு மெரினா இவ்வளவு அகன்றதும், ராயபுரம் தொடங்கி எர்ணாவூர் வரை கரை கரைந்து போனதும் ஒரே நிகழ்வின் இரண்டு பக்கங்கள். அங்கே இன்று கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். கல் இருக்கிற இடத்தில் கட்டுமரம் ஏற்ற முடியாது, வலை காய வைக்க முடியாது, கரைவலை இழுக்க முடியாது. அரிப்பு நின்ற ஊர்களிலும் மீன்பிடிப்பு நின்றுபோனதற்கு அதுவே காரணம்.

இதே முறையில் 2001-இல் எண்ணூர்த் துறைமுகமும், 2013-இல் அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகமும் செயல்படத் தொடங்கின. இப்போது முன்மொழியப்படுவது இன்னும் வடக்கே, ஏரியை நோக்கிப் போகிறது.

முகத்துவாரத்தைப் பற்றி: கடலலை கொண்டுவந்து போடும் மணலும், ஏரிக்குள் போய்வரும் ஓதநீரின் (கடல் ஏற்ற இறக்க நீரின்) வேகமும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும் இடம் அது. ஓதநீர் வலுவாக இருந்தால் வாய் திறந்திருக்கும். மணல் மிகுந்தால் அடைபடும். மழைக்காலத்தில் ஆரணியாற்றின் வெள்ளம் வந்து திறந்துவிடும், கோடையில் மேடு போடும். இந்தச் சமநிலை மிக நுட்பமானது. துறைமுகத்திற்கு வடக்கே அரிபடும் மணல், சில கிலோமீட்டர் தள்ளி முகத்துவாரத்தின் வாயிலேயே போய்ப் படியலாம். அல்லது, ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணல்திட்டு ஏதாவது ஒரு புயலில் உடைந்து புதிய வாய் ஒன்று திறக்கலாம். அப்படித் திறந்தால் பழைய வாயில் நீரோட்டம் குறைந்து, அது நிரந்தரமாக மூடிக்கொள்ளும். இரண்டும் வெவ்வேறு வகையான கேடுகள். இரண்டுக்கும் தனித்தனியாக ஆய்வு வேண்டும் என்று கேட்க வேண்டும்.

2011-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, கடும் அரிப்புக்கு உள்ளாகும் கரைப்பகுதிகளில் துறைமுகத் திட்டங்களைத் தடை செய்கிறது. உத்திசார் திட்டங்களும் பாதுகாப்பு சார்ந்தவையும் மட்டுமே விலக்கு. காளாஞ்சி, கருங்காலி பக்கத்துக் கரை எந்த வகைப்பாட்டில் வைக்கப்பட்டிருக்கிறது, எந்த ஆண்டுகளின் அளவீட்டை வைத்து அது முடிவு செய்யப்பட்டது என்ற இரண்டையும் எழுத்து மூலம் கேட்கலாம். துறைமுகம் வருவதற்கு முந்தைய அளவீடும் வந்த பிறகான அளவீடும் தனித்தனியே வேண்டும். இரண்டையும் கலந்து ஒரே சராசரியாகக் காட்டினால் அரிப்பு சிறியதாகத் தெரியும்.

---

முன்துறை | ஜனவரி 21, பிற்பகல் 2.30

மணற்கரை ஐயா சொன்னதைக் கடலில் நின்று பார்க்கிறவர்களின் பக்கத்திலிருந்து சொல்கிறேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஏரித்தொழில். தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து தெற்கே வருவதை வன்னி என்றும் சொல்வோம். எந்த நீர் எப்போது மாறும், மாறினால் எந்த வலையை எடுக்க வேண்டும் என்பது சிறுவயதிலேயே பழகிவிடும். துறைமுகச் சுவர் வந்த பிறகு நீர் சுவரைச் சுற்றிக்கொண்டு சுழித்து வருகிறது. அதன் வடபுறத்தில் பழைய கணக்கு ஒத்துவரவில்லை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். கடலுக்கடியில் பார் (பாறைத்திட்டு) இருக்கும் இடங்களில் தூர்வாரும்போது கிளம்புகிற சேறு போய் மூடிக்கொள்கிறது என்பதும் அவர்களுடைய புகார். பாறை இடுக்கில் மீன் ஒதுங்கும், சேற்றில் ஒதுங்காது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது, மீன்பிடி இடங்களை முறை வைத்துப் பகிரும் பாடு முறையைப் பற்றி. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களில், தலைக்கட்டில் (ஊரின் குடும்பப் பட்டியலில்) பெயர் உள்ளவர்கள் முறை வைத்து ஏரியில் இறால் வலை கட்டுவார்கள். வடக்குப் பாடு, முன்துறைப் பாடு, ஓடைப் பாடு என்று இடங்களுக்குப் பெயர் உண்டு. நல்ல இடம் இன்று ஒரு குழுவுக்கு வந்தால், அடுத்த முறை வேறு குழுவுக்குப் போகும். யார் பணக்காரர், யாரிடம் பெரிய வலை இருக்கிறது என்பது அங்கே செல்லாது. சீட்டுக் குலுக்கி முறை வைப்பதை நானே நின்று பார்த்திருக்கிறேன். பெயர் வாசிக்கும்போது ஊரே அமைதியாக இருக்கும். வாசித்து முடிந்த பிறகு யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். இத்தனை ஊர்கள், இத்தனை குடும்பங்கள் ஓர் ஏரியில் அடிதடி இல்லாமல் பிழைப்பதற்கு இந்த ஏற்பாடே காரணம்.

இந்தப் பாடுகள் முகத்துவாரத்தை ஒட்டி அமைந்தவை. கடலில் பொரிக்கும் இறால் குஞ்சு முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து, ஏரியில் வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்பும்போதுதான் வலையில் விழுகிறது. முகத்துவாரம் இடம் மாறினால் பாடும் இடம் மாற வேண்டும். புதிய இடம் யாருக்கு? வேறு ஊரின் இடத்திற்குள் போனால்? ஆந்திர எல்லைக்குள் போனால்? தலைமுறை தலைமுறையாகப் பேசி முடித்து வைத்திருக்கும் ஏற்பாடு ஒரே பருவத்தில் குலைந்துவிடும். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையில் தண்ணீரின் உப்பளவையும் காற்றின் தூசியையும் அளப்பார்கள். இந்த ஏற்பாட்டை யார் அளப்பார்கள்? மனுவில் இது தனிப் பகுதியாக வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

---

யார்டு மேலாளர் | ஜனவரி 21, இரவு 8.15

மாற்றுக் கருத்தையும் பதிவு செய்ய அனுமதி வேண்டும். நான் தடாவுக்கு அருகே உள்ள ஸ்ரீசிட்டி தொழில் நகரத்திலிருந்து ஏற்றுமதியாகும் கண்டெய்னர்களைக் கவனிக்கும் வேலையில் இருக்கிறேன். என்னோடு வேலை செய்பவர்களில் ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டி, தடாப் பிள்ளைகள் நிறையப்பேர். மணலி சாலையிலும் எண்ணூர் சாலையிலும் லாரி ஓட்டுநர்கள் வரிசையில் நின்று, சாப்பாடும் கழிப்பறையும் இல்லாமல் இரவைக் கழிப்பதை நேரில் பார்த்திருக்கிறேன். நகரத்திற்குள் நுழையாமல், வடக்கே விசாலமான துறைமுகம் ஒன்று இருந்தால், ஓட்டுநருக்கும் நல்லது, வடசென்னைக்காரர்கள் சுவாசிக்கும் காற்றுக்கும் நல்லது. எல்லாத் துறைமுகத்தையும் எதிர்த்தால் நம் பிள்ளைகளுக்கு வேலை எங்கிருந்து வரும்? மீன்பிடித் தொழிலில் பிள்ளைகளை விட விரும்பாத மீனவக் குடும்பங்களும் இருக்கின்றன என்பதை மறந்துவிடக் கூடாது.

---

முன்துறை | ஜனவரி 21, இரவு 9.40

அண்ணா, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. லாரி ஓட்டுநர்களும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள்தான். ஆனால் கப்பல் கட்டும் தளமும் இப்போதுள்ள துறைமுகமும் வந்தபோது காட்டுப்பள்ளிக் குப்பத்து மக்கள் கடற்கரையை விட்டு இடம்பெயர்ந்தார்கள். வேலை தருவோம் என்ற உறுதிமொழியை நம்பித்தான் பெயர்ந்தார்கள். ஒப்பந்தத் தொழிலாளராகச் சேர்ந்த பலர் நிரந்தரம் கேட்டுப் போராட வேண்டியிருந்தது. வேலை வரும் என்ற வாக்குறுதியை மனுவில் நாம் மறுக்க வேண்டாம். எத்தனை வேலை, எந்தக் கல்வித் தகுதிக்கு, நிரந்தரமா ஒப்பந்தமா, முன்பு கொடுத்த வாக்கில் எவ்வளவு நிறைவேறியது என்ற விவரத்தை ஊர்வாரியாகக் கேட்போம்.

---

மணற்கரை | ஜனவரி 22, காலை 6.50

யார்டு மேலாளர் அவர்களுக்கு ஒரு விளக்கம். சாலை நெரிசலுக்குத் தீர்வு வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி என்று மூன்று துறைமுகங்கள் ஒரே கரையில் அடுத்தடுத்து இருக்கின்றன. வடக்கே கிருஷ்ணபட்டினம் இருக்கிறது. ஏற்கெனவே உள்ள சுவர்களுக்குள் எவ்வளவு சரக்கைக் கூடுதலாகக் கையாளலாம், ரயில் இணைப்பையும் சாலையையும் சீர்செய்தால் எவ்வளவு நெரிசல் தீரும் என்ற கணக்கு முதலில் வர வேண்டும். 2.46 கோடியிலிருந்து 32 கோடிக்குப் போவது பதின்மூன்று மடங்கு. அந்த அளவுக்கான தேவையை எண்களோடு நிறுவுவது திட்டத்தை முன்வைப்பவரின் கடமை.

மேலும், ஏரிக்கு வடமுனையிலும் இதே போன்ற எண்ணம் ஒன்று இருந்ததைத் தடா நண்பர்கள் அறிவார்கள். 2014-ஆம் ஆண்டின் ஆந்திரப் பிரதேச மறுசீரமைப்புச் சட்டத்தின் பதின்மூன்றாம் அட்டவணையில், துகராஜபட்டினத்தில் பெரிய துறைமுகம் ஒன்றை நடுவண் அரசு அமைக்கும் என்று எழுதப்பட்டிருக்கிறது. தெற்கே ஒன்றுக்குத் தனி அறிக்கை, வடக்கே ஒன்றுக்குத் தனி அறிக்கை என்று இரண்டு மாநிலங்கள் இரண்டு கோப்புகளில் ஆராய்ந்தால், நடுவில் உள்ள ஏரிக்கு என்ன ஆகும் என்பதை யாருமே ஆராயாமல் விட்டுவிட வாய்ப்பு உண்டு. ஏரி முழுவதற்குமான ஒட்டுமொத்தத் தாக்க ஆய்வைக் கேட்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை.

---

காட்டூர் விவசாயி | ஜனவரி 22, பிற்பகல் 1.20

மீனவர்களின் பிரச்சினையாக மட்டும் எழுதிவிடாதீர்கள். மீஞ்சூர் பகுதியில் சென்னைக் குடிநீருக்காக நிலத்தடி நீரை எடுக்கத் தொடங்கி, 1960-களின் இறுதியிலிருந்தே கடல்நீர் உள்ளே ஏறி வந்துகொண்டிருக்கிறது. என் அப்பா காலத்தில் நெல்லுக்குப் பாய்ந்த கிணறு எங்கள் நிலத்தில் இன்னும் இருக்கிறது. மாடுகூட அந்தத் தண்ணீரை முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும். காட்டுப்பள்ளியின் மணல்மேடுகள் மழைநீரை உறிஞ்சி வைத்திருக்கிற காரணத்தால்தான் கடலுக்குப் பக்கத்திலேயே சில அடி ஆழத்தில் நல்ல தண்ணீர் கிடைத்து வந்தது. மேட்டை வெட்டி, ஆழமாகத் தோண்டி, கடல்நீரை உள்ளே கொண்டுவந்தால் உப்பு இன்னும் எவ்வளவு தூரம் ஏறும் என்பதற்குப் பதில் வேண்டும்.

வெள்ளம் இன்னொன்று. கொசஸ்தலை ஆறு பெருகும்போது எண்ணூர் முகத்துவாரம் வழியாக வெளியேறியது போக மீதி, பக்கிங்காம் கால்வாயின் வழியாக வடக்கே பரவும் தாழ்நிலம் இது. 2015 டிசம்பரிலும், சென்ற டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் பார்த்தோம். அந்தத் தாழ்நிலத்தை மண் கொட்டி உயர்த்தினால், தண்ணீர் எங்கள் வயலிலும் வீட்டிலும்தான் நிற்கும்.

---

வடசென்னை மாணவி | ஜனவரி 22, இரவு 7.55

சட்டம் படிப்பதால், ஆரம்பாக்கத்து ஐயாவின் முதல் கேள்விக்கு விடை சொல்ல முயல்கிறேன்.

2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பொதுமக்கள் கலந்தாய்வுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, திட்ட இடத்திலோ அதற்கு அருகிலோ மாவட்டவாரியாக நடத்தப்படும் கருத்துக்கேட்புக் கூட்டம். மற்றொன்று, திட்டத்தின் சுற்றுச்சூழல் விளைவுகளில் நியாயமான அக்கறை உடைய மற்றவர்களிடமிருந்து எழுத்து மூலம் கருத்துப் பெறுவது. இரண்டாவதற்கு மாநில எல்லை கிடையாது. ஆகவே தடா, சூலூர்பேட்டை மக்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கு எழுதி அனுப்பும் கருத்துகளும் பதிவு செய்யப்பட வேண்டியவை. திட்டத்தை முன்வைப்பவர் அவற்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

கூட்டத்திற்குக் குறைந்தது முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். மாவட்ட ஆட்சியர் அல்லது அவரது பிரதிநிதி தலைமை ஏற்பார். நிகழ்ச்சி முழுவதும் காணொளியாகப் பதிவாகும். கூட்டத்திற்கு இத்தனைப் பேர் வந்தால்தான் செல்லும் என்ற குறைந்தபட்ச வரம்பு எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நாம் போகாமல் இருந்தால் கூட்டம் நின்றுவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். பத்துப் பேர் வந்தாலும் அது நடந்ததாகவே கணக்கு. அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியில் தரப்பட வேண்டும் என்பது விதி. இங்கே தமிழில் மட்டும் சுருக்கம் வரும். ஏரியின் பெரும்பகுதியில் வாழ்பவர்களுக்குத் தெலுங்கிலும் வேண்டும் என்று இப்போதே விண்ணப்பிக்கலாம்.

எண்ணெய்க் கசிவைப் பற்றியும் ஒரு பகுதி சேர்க்க வேண்டும். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்திற்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியபோது, வாளியில் மொண்டு அள்ளினார்கள். அள்ளியவர்களில் மாணவர்களும் மீனவர்களும் இருந்தார்கள். சென்ற டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோதும் மீனவர்கள்தான் படகில் போய் அள்ளினார்கள். வலையிலும் படகிலும் வீட்டுச் சுவரிலும் அந்தப் பிசுக்கு இன்னும் இருக்கிறது. கூழைக்கடாப் பறவைகள் சிறகு ஒட்டிப் பறக்க முடியாமல் உட்கார்ந்திருந்ததை நான் நேரில் பார்த்தேன். கப்பல் போக்குவரத்து பல மடங்கு பெருகும்போது, முகத்துவாரம் வழியாக எண்ணெய் ஏரிக்குள் நுழைந்தால் அதை எப்படித் தடுப்பார்கள்? இரு மாநிலமும் பறவைகள் சரணாலயமாக அறிவித்திருக்கும் ஏரி அது. திறந்த கடலில் அலை அடித்துக் கொஞ்சமாவது கலைக்கும். ஆழமில்லாத ஏரியின் சேற்றில் ஊறிய எண்ணெயை யாராலும் எடுக்க முடியாது.

---

யார்டு மேலாளர் | ஜனவரி 22, இரவு 10.05

எண்ணெய்க் கசிவுக்கான முன்னேற்பாட்டையும், தேவைக் கணக்கையும் கேட்பதில் எனக்கு முழு உடன்பாடு. துறைமுகம் கூடாது என்ற ஒற்றை வரியில் நான் கையெழுத்திட முடியாது. கேள்விகளாக எழுதினால் கையெழுத்திடுவேன். யார்டில் வேலை செய்பவர்களிடமும் எடுத்துச் செல்வேன்.

---

தடா ரோட்டுக்காரன் | ஜனவரி 23, காலை 8.30

அப்படிச் சிலர் கையெழுத்திட்டாலும் மனுவுக்கு வலு கூடும் என்றே நினைக்கிறேன். ஆனால் மீனவ ஊர்களின் மனுவில், விரிவாக்கம் வேண்டாம் என்ற வார்த்தையை யாரும் மென்மையாக்கக் கேட்கக் கூடாது. அவர்கள் இழக்கப்போவது வேறு, நாம் இழக்கப்போவது வேறு. இரண்டு மனுக்களாக அனுப்புவோம்.

---

ஆரம்பாக்கத்தார் | ஜனவரி 24, இரவு 9.00

அனைவருக்கும் நன்றி. தடா நண்பர் சொன்னபடி இரண்டு மனுக்கள். மீனவ ஊர்களின் மனுவை அந்தந்த ஊர்க் கூட்டங்களே எழுதட்டும். அதில் நாம் கைவைக்க வேண்டாம். எல்லை வட்டார மக்களின் மனுவுக்கான முதல் வரைவைக் கீழே தருகிறேன். திருத்தங்களைச் சொல்லுங்கள்.

"பழவேற்காடு ஏரி இரு மாநிலங்களில் பரவிய ஒரே நீர்நிலை. அதன் உப்பளவும், மீன்வளமும், பறவைகளின் வரவும் முகத்துவாரம் திறந்திருப்பதைப் பொறுத்தவை. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தின் தாக்கத்தை மதிப்பிடும்போது, ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதியோடு நிறுத்திக்கொள்ளாமல், ராயதொருவு, தூபிலிபாளையம் வரையிலான முழுப் பரப்பையும், ஆரணியாறு, காளங்கி, சொர்ணமுகி ஆகியவற்றின் வரத்தையும் சேர்த்து, குறைந்தது ஒரு முழு ஆண்டின் எல்லாப் பருவங்களிலும் அளவெடுத்து ஆய்வு செய்ய வேண்டும் என்றும், அந்த ஆய்வு முடிந்து தமிழிலும் தெலுங்கிலும் வெளியிடப்படும் வரை கருத்துக்கேட்புக் கூட்டத்திற்கு நாள் குறிக்கக் கூடாது என்றும், அப்படி நாள் குறிக்கும்போது திருப்பதி மாவட்டத்திலும் ஒரு கூட்டம் நடத்துமாறு இரு மாநில அரசுகளும் நடுவண் அமைச்சகத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றும், கீழே கையெழுத்திட்டுள்ள நாங்கள் கோருகிறோம்."

இதற்குக் கீழே மணற்கரை ஐயா கேட்ட இரண்டு அளவீடுகள், பாடு முறை பற்றிய பகுதி, நிலத்தடி நீர், வெள்ளம், எண்ணெய்க் கசிவு, வேலைவாய்ப்பு விவரம் ஆகியவை வரும்.

---

மணற்கரை | ஜனவரி 25, காலை 6.40

"எல்லாப் பருவங்களிலும்" என்பதோடு நின்றுவிட வேண்டாம். முகத்துவாரத்தின் அகலத்தையும் ஆழத்தையும் மாதந்தோறும் அளந்த பட்டியல் இணைக்கப்பட வேண்டும் என்று சேர்க்கவும். ஒரே ஒரு மழைக்கால அளவீட்டைக் காட்டி, வாய் திறந்தே இருக்கிறது என்று எழுதிவிட முடியும். முகத்துவாரத்தை நிலைநிறுத்தக் கற்சுவர் கட்டும் திட்டம் தமிழ்நாட்டுப் பக்கத்தில் தனியாக இருக்கிறது. அந்தச் சுவரும் துறைமுகச் சுவரும் சேர்ந்து மணல் ஓட்டத்தை எப்படி மாற்றும் என்ற கேள்வியையும் சேர்க்க வேண்டும்.

---

பொன்னேரி அக்கா | ஜனவரி 25, பிற்பகல் 12.15

இதுவரை யாரும் இருளர் பெண்களைப் பற்றி எழுதவில்லை. அவர்களுக்குப் பாடு முறையில் பங்கு இல்லை, படகு இல்லை, வலைகூட இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைக் கைவிரலால் துழாவி இறால் பிடித்து, பல்லில் கடித்துப் பிடித்திருக்கும் ஓலைப்பறியில் (ஓலைக்கூடையில்) போட்டுக்கொள்கிறார்கள். தண்ணீர் ஒரு முழம் ஏறினாலும் இறங்கினாலும் அன்றைக்கு அவர்களுக்குப் பிழைப்பு இல்லை. சங்கத்தில் பெயர் இல்லாததால் இழப்பீட்டுப் பட்டியலிலும் அவர்கள் பெயர் வராது. எண்ணெய் பரவியபோதே இந்தக் குறை எழுந்தது. கையால் இறால் பிடிப்பவர்களைத் தனிப்பிரிவாகக் கணக்கெடுக்க வேண்டும் என்று எழுதுங்கள். அவர்கள் கூட்டத்திற்கு வர முடியாவிட்டால், அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி, கைரேகை வாங்கி வருவது என் பொறுப்பு.

---

தடா ரோட்டுக்காரன் | ஜனவரி 25, இரவு 8.20

அக்கா சொன்ன பகுதியைப் பாடு முறைக்கு முன்பே வையுங்கள். எங்கள் பக்கத்தில் ஏனாதிப் பழங்குடிக் குடும்பங்களும் இப்படித்தான் பிழைக்கிறார்கள், அவர்களையும் சேர்க்க வேண்டும். வரைவை முழுவதுமாகத் தெலுங்கில் எழுதும் வேலையை நான் ஏற்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பீமுலவாரிபாளையம் படகுத்துறையில் ஏரித் தீவுகளில் வாழ்பவர்கள் சந்தைக்கு வந்து திரும்புவார்கள். இரண்டு மொழிப் படிகளையும் எடுத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்தால் கையெழுத்து வாங்கலாம். தமிழ்ப் படியைச் சனிக்கிழமை மாலைக்குள் அனுப்பிவிடுங்கள் ஐயா.

---

ஆரம்பாக்கத்தார் | ஜனவரி 25, இரவு 9.05

சனிக்கிழமை மதியத்திற்குள் திருத்திய படி இந்த இழையிலேயே வரும். மணற்கரை ஐயாவின் மாதாந்திர அளவீடும், அக்கா சொன்ன தனிக் கணக்கெடுப்பும், ஏனாதிக் குடும்பங்களும் சேர்க்கப்படும். ஞாயிறு காலை நானும் படகுத்துறைக்கு வருகிறேன்.